பாதி விலைக் கோட்டு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பழைய துணிமணி, சாமான்களை விற்று அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கும் எங்கள் கடையில், யாருக்காகவும் எதையும் எடுத்து வைக்க மாட்டோம். முதலில் பிடித்தவருக்குத்தான்.

திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் பச்சைக் கம்பளிக் கோட்டின் ஒரு கையை ஒல்லி பெரில் பிடித்தாள். மறு கையைக் குண்டு மேவிஸ் பிடித்தாள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது.

"விடுடி! பாதி விலைக்கு வரட்டும்னு மூணு வாரமா தடவிப் பாத்துட்டுப் போறேன்," என்றாள் பெரில்.

"நீ விடுடி!"

"உன் உடம்புக்கு இதுல ஒரு கையாவது நுழையுமாடி, பூசணிக்கா?"

மேவிஸ் கைப்பையால் அவள் காதில் அறைந்தாள். பெரில் மேவிஸின் முடியைப் பிடித்துத் தலையைக் கண்ணாடி அலமாரியில் மோதினாள். கோப்பைகள் நொறுங்கின. மேவிஸ் அவள் விரலைக் கடித்தாள். பெரில் முழங்கையால் வாயிலேயே ஒரு குத்து விட்டாள். ரத்தத்தோடு ஒரு பல் தரையில் உருண்டது. அதற்கும் அசராமல் மேவிஸ் தள்ளிய தள்ளில், பெரில் புத்தக அடுக்கோடு சரிந்தாள்.

"நாசமாப் போ!" என்று காறித் துப்பிவிட்டு பெரில் நொண்டிக்கொண்டே வெளியேறினாள்.

மேவிஸ் கோட்டை என் முன்னால் போட்டாள்.

"விலைச் சீட்டைக் கழட்டிட்டு, நல்ல பூப்போட்ட காகிதத்துல சுத்திக் கொடும்மா."

"பரிசா? யாருக்கு?"

"பக்கத்து வீட்டுக்காரிக்கு. நாளைக்கு அவ பொறந்த நாள்."

"அவங்களுக்குப் பிடிக்குமா?"

மேவிஸ் குனிந்து தரையில் கிடந்த பல்லைப் பொறுக்கினாள்.

"பிடிக்காமலா இதைப் பேத்தா?"