தும்பை காட்டின வழி

புளியமரத்துல ஒரு தேன்கூடு இருந்துச்சு. அங்க ஒரு வழக்கம். பூ இருக்கிற இடத்தைக் கண்டவ வீட்டுக்கு வந்து இடுப்பை ஆட்டி ஆடுவா. மத்தவங்க அந்த ஆட்டத்தைப் பார்த்தே வழி தெரிஞ்சுக்குவாங்க. குளவிங்ககிட்ட இதெல்லாம் கிடையாது. ஒரு குளவி கூட்டைக் கட்டி முடிச்சுட்டு வாசல் வைக்க மறந்துட்டா, அது தனிக் கதை, விடுங்க.

அந்தக் கூட்டுத் தேனீ தும்பை, பனையில கட்டின கள்ளுக் கலயத்துக்கு தினம் போவா. பழக்கிவிட்டது சிநேகிதி ஆவாரை. "விளிம்புல ஒட்டினதை மட்டும் நக்குடி, ஒண்ணும் ஆகாது"ன்னா. ஆவாரை இப்ப கலயத்துக்குள்ள மிதக்குறா. தும்பை அந்தப் பக்கம் பார்க்காம நக்குவா. "நான் விளிம்போட சரி"ன்னு சொல்லிக்குவா.

அவளுக்கு இருந்தது ஒரே கவலை. தங்கச்சி நெருஞ்சிக்கு றெக்கை முத்திடுச்சு, இனிமே வெளியே பறப்பா. அவளுக்கு இந்தப் பனை மட்டும் தெரியவே கூடாது. அதனால தும்பை வீட்டுல வாயே திறக்கமாட்டா. தள்ளாடிக்கிட்டே வந்து, ரெண்டு சுத்து சுத்தி, விழுந்து தூங்கிடுவா.

ஒருநாள் காலையில விளிம்புல அவ பக்கத்துலயே வந்து இறங்கினா நெருஞ்சி.

"அடியே! உனக்கு யாருடி வழி சொன்னது?"

"நீதான்க்கா. நேத்து என்னமா ஆடின! பனை, கலயம், எல்லாமே புரிஞ்சுது."

"அது ஆட்டம் இல்லடி!"

"அப்படியா? கூடே பார்த்துச்சே. கொஞ்சம் தள்ளி உட்காருக்கா, எல்லாரும் வந்துக்கிட்டிருக்காங்க."