கேட்காத சத்தம்

“கத்தியும் இல்லை, தையலும் இல்லைன்னா அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு காசு?” என்று கேட்டார் மைக்செட்காரர்.

மருத்துவமனையின் ஆலோசகர் அறையில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். என்னென்ன சிகிச்சை, எதற்கு என்ன செலவு என்று விளக்கி முடிவு கேட்பது அந்த இளம்பெண்ணின் வேலை. மேசை மேல் இருந்த பிளாஸ்டிக் புரோஸ்டேட் சுரப்பியை இரண்டாகத் திறந்து காட்டினாள்.

“ஐயா, உங்க புற்றுநோய்க் கட்டி இந்த ஒரு பக்கத்துல மட்டும்தான் இருக்கு. ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாச்சு. பழைய முறைன்னா ஆபரேஷன் பண்ணி சுரப்பியையே எடுத்துடுவாங்க. காப்பீட்டுல வந்துடும். புது முறையில ஒலி அலையை ஒரே புள்ளியில குவிப்பாங்க. சின்ன வயசுல பூதக்கண்ணாடியில வெயிலைப் பிடிச்சுப் பேப்பரைச் சுட்டிருப்பீங்கல்ல? அதே மாதிரி கட்டி இருக்கற இடம் மட்டும் வெந்துபோகும்.”

மைக்செட்காரர் வாயைப் பிளந்தார். “சத்தத்தாலயா சுடுறீங்க?”

“ஆமாய்யா.”

“அந்தச் சத்தம் நமக்குக் கேக்குமா?”

“கேக்காது.”

“அட கடவுளே! கேக்காத சத்தத்துக்கா இவ்வளவு காசு? நான் ஊரே அலற மைக்செட் போட்டிருக்கேன். ஒருத்தனும் பேசினபடி குடுத்ததில்லை!”

பக்கத்து நாற்காலியில் இருந்த தையல்காரம்மா அவரை முழங்கையால் ஓர் இடி இடித்தார்.

“முதல்ல அந்தப் பொண்ணு சொல்றதைக் கேளுங்க. நாப்பது வருஷமா இவர் சத்தத்தைச் சகிச்சுக்கிட்டு இருக்கேம்மா. காலங்காத்தால ‘ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்’னு ஆரம்பிச்சார்னா ஊசியில நூல் கோக்க முடியாது.”

“இந்தம்மா மட்டும் என்னவாம்? அந்தத் தையல் மிஷின் சத்தம் கொஞ்ச நேரம் நின்னுட்டா, என்னமோ ஏதோன்னு எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.”

ஆலோசகர் சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பழைய முறையிலயும் நோய் நல்லாவே குணமாகும். ஆனா பக்கத்து நரம்பு அடிபட வாய்ப்பு ஜாஸ்தி. சிறுநீர் கசியலாம். அப்புறம்…” எத்தனை பேரிடம் சொன்னாலும் இந்த இடத்தில் அவளுக்கு நாக்கு தடுக்கும். “தாம்பத்யம் முன்ன மாதிரி இல்லாமப் போகலாம். புது முறையில அந்தப் பயம் குறைவு. ஆனா புதுசுங்கறதால தொடர்ந்து வந்து பரிசோதனை பண்ணிக்கணும். மறுபடி ஒருமுறை பண்ண வேண்டியும் வரலாம். காப்பீடு கிடையாது, கைக்காசுதான். ரெண்டுமே உங்களுக்குப் பொருந்தும்னு டாக்டர் சொல்லிட்டார். முடிவு உங்களுது.”

மைக்செட்காரர் பிளாஸ்டிக் சுரப்பியை மெல்ல மூடி வைத்தார்.

“பழசே போதும்மா. தலை மொத்தமும் நரைச்சாச்சு. இந்த வயசுல எனக்கு எதுக்கு அதெல்லாம்?”

இதுவும் அவளுக்கு மனப்பாடம்தான். இப்படிச் சொன்னதும் மனைவிமார்கள் தலையைக் குனிந்துகொண்டு, ‘ஆமாம்மா, உயிர் பிழைச்சா போதும்’ என்பார்கள். ஆபரேஷனுக்குத் தேதி பார்க்கக் கணினிப் பக்கம் திரும்பினாள்.

“புதுசு,” என்றார் தையல்காரம்மா. தலை குனியவில்லை.

“பைத்தியமா உனக்கு? காசுக்கு எங்க போறது?”

“சுவரை இடிச்சுக் கட்டறதுக்கு வெச்சிருக்கேனே, அது.”

வீட்டு வேலைக்குச் சேர்த்த பணம் போலிருக்கிறது என்று ஆலோசகர் நினைத்துக்கொண்டாள்.

“ஐயோ, அது நீ கண்ணு நோகத் தைச்சுத் தைச்சுச் சேர்த்ததாச்சே!”

“சுவர் எங்கயும் ஓடிப்போயிடாது. நீங்கதான் ஓடப் பாக்குறீங்க. நோய்னு தெரிஞ்ச அன்னிக்கே ‘என்னை மறந்துட்டு உன் பாட்டைப் பாரு’ன்னு சொன்ன பெரிய மனுஷன்தானே!” தையல்காரம்மா ஆலோசகரிடம் திரும்பினார். “எனக்கு இவர் முழுசா வேணும்மா. உயிர் பிழைச்சா மட்டும் போதாது. கூனிக் குறுகாம, சிரிச்ச முகமா என் பக்கத்துல இருக்கணும். எல்லாத்துக்கும் இருக்கணும். ஆசையைச் சொல்றதுக்கு என்ன வெக்கம்?”

சொல்லிவிட்டு, வெட்கம் தாங்காமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஊரையே அலற வைத்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு “சரி, புதுசே பண்ணிடுங்க” என்றது ஆலோசகருக்குச் சரியாகக் கேட்கக்கூட இல்லை.

கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் அவளும் கணவனும் டிவி ரிமோட் எங்கே என்பதைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்வதில்லை. இங்கே பார்த்தால் இப்படி! பார்க்கப் பார்க்க அவளுக்குப் பிரமிப்பாக இருந்தது.

“நாப்பது வருஷத்துக்கு அப்புறமும் இப்படி ஒரு ஆசையா! அந்த ரகசியத்தை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கம்மா,” என்றாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக்செட்காரர் புதுமாப்பிள்ளை மாதிரி நெளிந்தார்.

“ரகசியம் என்னம்மா ரகசியம், நடுவுல ஒரு சுவர் இருந்ததுதான்,” என்றார் தையல்காரம்மா. “இந்தப் பக்கம் என் கடை, அந்தப் பக்கம் இவர் கடை. அடுத்த மாசம்தான் எங்களுக்குக் கல்யாணம், அதுக்குள்ள இவரைச் சரிபண்ணிக் குடுத்துடுவீங்கல்ல?”