பதினோரு மணிக் குவளை

சரியாகப் பதினோரு மணிக்கு நேரெயோவின் கையிலிருந்து குவளை நழுவியது. காம்பில் கண்ணாடிப் பூவெல்லாம் ஒட்டி முடித்த குவளை. சுக்குநூறாயிற்று.

கண்ணாடி உலைக்கூடத்தின் முதலாளி ஃபோஸ்கா கத்த ஆரம்பித்தாள். "கையா அது, மீன் வாலா? முப்பது வருஷமா கண்ணாடி ஊதுற, ஒண்ணை ஒழுங்காப் பிடிக்கத் தெரியலையா? நாளையிலேருந்து வராதே."

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சுற்றுலாக் கூட்டத்துக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, தொனி புரிந்தது. ஆஸ்திரியப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறு குவளை வாங்கினாள். பத்து நிமிடத்தில் அலமாரி காலி.

இத்தாலியின் முரானோ தீவுக் கண்ணாடிச் சங்கத்தின் அதிகாரி தியோட்சோ அன்று பரிசோதனைக்கு வந்திருந்தார். அறுபது வருடமாக யாரும் செய்யாத பூக்காம்புக் குவளையை இந்த உலைதான் மீண்டும் செய்கிறது. அதற்குச் சங்கத்தின் முத்திரை தரலாமா என்று பார்க்க வேண்டும். ஃபோஸ்காவை உள்ளறைக்கு அழைத்து, இப்படிப் போட்டு உடைக்கும் அந்த ஆள் வேலையில் இருந்தால் முத்திரை கிடையாது என்றார்.

ஃபோஸ்கா சிரித்தாள். அது விற்பனைக்காக நடக்கும் நாடகம், தினமும் ஒன்றைப் போட்டு உடைக்கச் சொன்னதே தான்தான் என்றாள். வேலைப்பாட்டைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை, பாவம் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். தன் திட்டில் காரம் குறைந்தால் நேரெயோ கோபித்துக்கொள்வாராம்.

தியோட்சோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்திரையை எடுத்தார்.

வெளியே இன்னொரு குவளை உடைந்தது.

எட்டிப் பார்த்தார்கள். நேரெயோ உடைந்த சில்லுகளைப் பார்க்கவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவும் நாடகமா?"

ஃபோஸ்காவின் குரல் இறங்கியது. "முக்கால் மணி நேரம் வேலை செஞ்சா அவரு கை மரத்துப்போகும், ஐயா. பத்தே காலுக்கு ஆரம்பிச்சா பதினோரு மணிக்கு விழும். பழைய ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து இந்தக் குவளையை மீட்டதே அவருதான். அவமானம் தாங்காம வீட்டுல உட்கார்ந்துட்டாரு. உடைக்கறதுதான் உங்க வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். இன்னிக்கு நீங்க வந்ததால ரெண்டாவதும் ஊதிட்டாரு."

இந்த முறை அவளால் திட்டப் போக முடியவில்லை.

தியோட்சோ காகிதத்தில் முத்திரையை அழுத்தினார். பிறகு கூட்டத்தின் நடுவே போய் நின்று கர்ஜித்தார்: "மறுபடியுமா? உன்னையெல்லாம் இந்தத் தீவுல எவன்யா வேலைக்கு வெச்சது?"

நேரெயோவின் முகத்தில் உயிர் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, பிரமாதமாக அழ ஆரம்பித்தார்.