காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

அந்த பியூட்டி பார்லர்காரி வேலை செய்யும்போது கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கவே மாட்டாள்.

தலையைப் பார்ப்பாள், சீப்பைப் பார்ப்பாள், கத்தரியைப் பார்ப்பாள். சுவர் முழுக்க இருக்கும் கண்ணாடி வந்தவர்களுக்கு மட்டும்தான். வேலை சுத்தம் என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

இன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் காலில் வெந்நீர் கொட்டிய அவசரம்.

"நாளைக்குக் காலையில இன்டர்வியூ இருக்குக்கா. இந்த நரையோட போனா ரிடையர்மென்ட் பேப்பரத்தான் கையில குடுப்பாங்க. இப்பவே டை அடிச்சு விட்டுருங்க."

பார்லர்காரி பஞ்சை எடுத்து டை மருந்தில் தொட்டாள். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு. இரண்டு நாள் தண்ணீர் படக் கூடாது. சிவக்காமல், அரிக்காமல் இருந்தால் மூன்றாம் நாள் டை. காலில் விழுந்தாலும் இந்தக் கடையில் அது மாறாது.

"தினமும் இதுலயேதான கைய வச்சிட்டிருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று சிரித்தாள் பெண்.

பஞ்சு அப்படியே நின்றது.

ஆகவில்லை. அதுதான் அவளை இத்தனை வருடமாகப் பேயாய்ப் பிடித்து ஆட்டுகிறது.

அவள் தங்கைக்கும் அன்று ஒரு இன்டர்வியூதான். முந்தின நாள் சாயங்காலம்தான் ஊரிலிருந்து வந்து இறங்குவாள். இரண்டு நாள் காத்திருக்க நேரம் ஏது? அதனால் இவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மூன்று நாள் முன்பே அந்தச் சொட்டைத் தன் காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தாள். கடுகளவும் சிவக்கவில்லை. தெம்பாகத் தங்கைக்கு டை அடித்துவிட்டாள்.

அரை மணியில் தங்கைக்கு இமை வீங்கியது. பிறகு உதடு. பிறகு தொண்டை. ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சின்ன வயதில் கையில் கறுப்பு மையால் படம் ஏதாவது வரைந்துகொண்டாளா என்று டாக்டர் கேட்டார். டையில் இருக்கும் அதே ரசாயனம் அந்த மையிலும் இருக்குமாம்.

வரைந்துகொண்டாள். ஏழு வயதில், பொருட்காட்சியில், மணிக்கட்டில் ஒரு பட்டாம்பூச்சி. இவள்தான் ஊசி குத்துவார்களோ என்று பயந்து அழுதாள். முதலில் தான் போட்டுப் பார்ப்பதாகவும், ஒன்றும் ஆகாவிட்டால் இவள் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லித் தங்கை கையை நீட்டினாள். பத்து நாளில் பட்டாம்பூச்சி சிவந்து தடித்தது. இவள் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு வீட்டில் எல்லோரும் அதை மறந்துபோனார்கள். தங்கையின் தோல் மட்டும் மறக்கவில்லை.

"அக்கா?"

நாற்காலியில் இருந்த பெண் கூப்பிட்டதும், தங்கையே கூப்பிட்டது போல அவள் நிமிர்ந்துவிட்டாள்.

கண்ணாடியில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அதே நெற்றி, அதே மூக்கு, மோவாயில் அதே குழி. வீக்கம் எதுவும் இல்லை. கையில் பஞ்சு வைத்திருந்தாள்.

பெற்ற தாயே ஆள் மாற்றிக் கூப்பிட்ட இரட்டைப் பிள்ளைகள். ஐந்து நிமிடம் முன்னால் பிறந்ததில் இவள் அக்கா. தன் தோலில் ஆகாதது அவள் தோலில் எப்படி ஆகும் என்றுதான் அன்று நினைத்தாள்.

சட்டென்று குனிந்து, அந்தப் பெண்ணின் காதை மடக்கிப் பிடித்துச் சொட்டை வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகலம்மா."