ஜோயாவின் ஜெரேனியம்

“அத்தை, நம்ம கட்டடத்தைச் சூடாக்குற ஹீட்டர் குழாய் வெடிச்சிடுச்சு!” என்று போனில் அலறினாள் மாடிவீட்டு அல்சூ. ராயிசா பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துபோனது.

மகள் வீட்டிலிருந்து ரயிலேறி, தன் ஊரான பெர்முக்கு வந்து சேர இரண்டு நாள் ஆனது. வெளியே மைனஸ் முப்பது டிகிரி. பூட்டிய வீட்டின் ஜன்னலோரக் கண்ணாடிக் குவளையில், அக்கா ஜோயாவின் ஜெரேனியத்திலிருந்து கிள்ளிவைத்த ஒற்றைக் கிளையை விட்டுப் போயிருந்தாள். இலையுதிர்காலத்தில் அக்கா இறந்த வாரமே தாய்ச்செடியும் பட்டுப்போயிருந்தது. மிச்சம் இது ஒன்றுதான்.

கதவைத் திறந்தாள். வாளித் தண்ணீர் உறைந்து கிடந்தது. ஜன்னலோரத்தில் குவளை இல்லை. அது துணி அலமாரிக்குள், கம்பளிச் சால்வை சுற்றி, வெந்நீர்ப் புட்டியோடு அணைத்து வைக்கப்பட்டிருந்தது. புட்டி இன்னும் சூடாக இருந்தது. கிளையில் நான்கு வெள்ளை வேர்கள் விட்டிருந்தன.

ராயிசாவுக்குப் போன உயிர் திரும்பியது. இன்னொரு சாவி அல்சூவிடம்தான் இருந்தது. மாடிக்கு ஓடி அவளைக் கட்டிக்கொண்டாள்.

“நீ நல்லா இருப்படி! ரொம்ப நன்றி!”

“எனக்கு எதுக்கு அத்தை? நான் சாவியோட வந்தா, உங்க அக்கான்னு ஒருத்தங்க உள்ளேயிருந்து எட்டிப் பாத்து, ‘குளிர் வருது, கதவைச் சாத்து! செடிக்கு நன்றி சொன்னா வேர் பிடிக்காது, அவகிட்ட சொல்லிவை’ன்னு என்னைத் துரத்திவிட்டுட்டாங்க.”