கோடு போட்டு அடித்த ‘நீ’

“மனோங் எலிசியோ, ‘ஒண்ணுக்கு வருதா’ன்னு பிரெஞ்சுல கேக்கத் தெரிஞ்சாப் போதும். கியூபெக்ல உங்களைத் தூக்கி வச்சுக் கொண்டாடுவாங்க!”

ஜெசபெல் சொன்னதும் வகுப்பே சிரித்தது. பதினோரு பேரில் பத்துப் பேர் நர்ஸுகள். கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக்கின் முதியோர் இல்லங்களில் வேலை கிடைத்து, சனிக்கிழமைதோறும் பிலிப்பைன்ஸ் நகரமான இலோயிலோவின் அந்த மாடி அறைக்குப் பிரெஞ்சு படிக்க வருபவர்கள். பதினோராவது ஆள் எலிசியோ; எல்லாருக்கும் ‘மனோங்’, அதாவது அண்ணன். வயது நாற்பத்தெட்டு. பிழைப்பு, ஜீப்னி என்னும் சிறு பஸ் ஓட்டுவது.

எலிசியோவுக்குக் கோபமெல்லாம் வரவில்லை. நோட்டைத் திறந்து, “அதை எப்படிக் கேக்கணும், மேடம்?” என்றார்.

டீச்சர் திவினா சொல்லிக் கொடுத்தாள். அவர் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார்.

“அங்கே என்ன வேலை, மனோங்?” என்று திவினா முதல் நாளே கேட்டிருந்தாள்.

“ஒருத்தரப் பாத்துக்கணும். வேற ஆள் இல்ல.”

அவர் சட்டைப் பையில் துக்கத்துக்கான கறுப்பு ஊசி குத்தியிருந்தது. வீட்டில் யாரோ போயிருக்கிறார்கள். அதைப் போய்க் கிளறுவானேன் என்று திவினாவும் விட்டுவிட்டாள்.

ஆனால் மனுஷன் கேட்ட வாக்கியங்கள்! ‘செருப்பை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.’ ‘பல் துலக்கினீர்களா?’ ‘இருட்டுக்குப் பயப்படாதீர்கள், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.’ நர்ஸுகளுக்கே தோன்றாதவை. “அனுபவசாலி மாதிரி கேக்கறாரு, பாருங்க. நீங்களும் எழுதிக்குங்க,” என்றாள் திவினா. ஜெசபெல் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினாள்.

திவினாவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. பிரெஞ்சில் ‘த்யூ’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள். முன்வருஷ மாணவி ஒருத்தி நேர்காணலில் மேலதிகாரியை ‘நீ’ என்று விளித்து வேலையைக் கோட்டை விட்டிருந்தாள். அன்றிலிருந்து வகுப்பில் ‘நீ’க்கு இடமே இல்லை.

“நோட்டுல ‘நீ’ இருக்கிற வரிசையை எல்லாரும் கோடு போட்டு அடிங்க. தெரிஞ்சாத்தானே வாயில வரும்? எண்பது வயசுப் பெரியவங்க கிட்ட மரியாதை தப்பக் கூடாது.”

மற்றவர்கள் பேருக்கு ஒரு கோடு இழுத்தார்கள். எலிசியோ ஸ்கேல் வைத்து, ஒரு எழுத்துகூடத் தெரியாதபடி அடித்துவிட்டார்.

வண்டியிலும் அதே படிப்புதான். ஸ்டியரிங்குக்கு மேலே பிரெஞ்சு எழுதிய சீட்டு ஒட்டியிருந்தார். இறங்குகிறவர்களிடமெல்லாம் ‘மெதுவாக இறங்குங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று பிரெஞ்சில் சொல்ல, மார்க்கெட் பெண்கள், “ஐயோ, டிரைவருக்கு வெயில் ஏறிடுச்சு!” என்று கூடையோடு குதித்து ஓடினார்கள். இருபத்தாறாம் தேதி விமானம். அதற்குள் பேச வராவிட்டால் அங்கே போயும் பிரயோசனமில்லை என்று அவருக்குத் தெரியும்.

கடைசி வகுப்பு. ஒவ்வொருவரும் டீச்சரோடு இரண்டு நிமிஷம் பேச வேண்டும். நோயாளி வேஷம் திவினாவுக்கு. ஜெசபெல்லே இரண்டு இடத்தில் திக்கினாள். எலிசியோ திக்கவில்லை. பசிக்கிறதா என்று கேட்டார். போர்வையை இழுத்துவிடட்டுமா என்று கேட்டார். அழாதீர்கள் என்று சொன்னபோது அவர் குரலே கம்மிவிட்டது. யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

“அற்புதம், மனோங்! ஒரு தடவைகூட ‘நீ’ வரல!” திவினா கை தட்டினாள்.

எல்லோரும் போன பிறகும் எலிசியோ நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மேடம், அந்த ‘நீ’யைச் சொல்லித் தர முடியுமா?”

“மறுபடியும் மொதல்லேர்ந்தா? நல்லாத்தானே பேசினீங்க!”

“போன ஞாயித்துக்கிழமை போன்ல பேசினேன். நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே. ஒரு பிழை இல்ல.” நோட்டைப் புரட்டினார். “‘யாரு இந்த ஐயா, டாக்டரா?’ன்னு அந்தப் பக்கம் ஒரே அழுகை. போன் கைமாறிடுச்சு.”

“அது பரவாயில்ல, மனோங். பழகினா சரியாயிடும். வயசானவங்க அப்படித்தான்.”

“இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு, மேடம்.” அடித்த பக்கத்தைத் திறந்து மேஜை மேல் வைத்தார். “எனக்கு வேற எதுவும் வேணாம். இது மட்டும் போதும்.”

திவினாவுக்கு எரிச்சலாக வந்தது. “நோயாளியை ‘நீ’ன்னு கூப்பிட உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?”

எலிசியோவின் விரல் சட்டையில் இருந்த கறுப்பு ஊசியைத் தொட்டது.

“நோயாளி இல்ல, மேடம். இது என் தங்கச்சிக்காகக் குத்தினது. அவ மகளுக்கு அஞ்சு வயசு, அங்கேயே பொறந்து வளந்தவ, நம்ம பேச்சு ஒரு வார்த்தை தெரியாது. அந்தப் பிள்ளைக்கு இனி இந்த உலகத்துல சொந்தம்னு தாய்மாமன் நான் ஒருத்தன்தான், நான் போய் அவளை ‘நீங்க’ன்னு கூப்பிட்டுட்டு இருக்கேன்.”