எந்தக் கை

அறுநூற்று நாற்பது ரிங்கிட்.

ரமணி அதைப் பெர்னடெட்டிடம் கைமாற்றாக வாங்கி நாலு மாதம் ஆகிறது. மோட்டார்சைக்கிள் பழுது என்றான். இப்போது மோட்டார்சைக்கிள் ஓடுகிறது, பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

அவன் பாஸின் அறைக்குள் நின்றிருந்தான். கண்ணாடிக் கதவு மூடியிருந்தது.

காலையில் பெர்னடெட்தான் பாஸ் சிவசம்புவிடம் போய்ச் சொன்னாள், என் பொம்மையில் ரமணி கை வைக்கிறான் என்று.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடி, நாலு கம்ப்யூட்டர், மூன்று ஆட்கள். அவ்வளவுதான் கம்பெனி. ரிங்கிட்டின் மதிப்பு விழுந்து, பெரிய பெரிய இடங்களே ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய வருஷம். கிள்ளான் முறுக்குக் கடைக்காரரின் தீபாவளி விளம்பரம் ஒன்றுதான் கைவசம் இருந்தது. அதில் கம்ப்யூட்டரில் செய்த பையன் பொம்மை ஒன்று கையாட்ட வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் உங்கள் இரண்டு பேரில் ஒருத்தரை நிறுத்திவிடுவேன் என்று பாஸ் நேற்றே சொல்லியிருந்தார்.

பொம்மைக்குள் எலும்பு வைத்தவள் பெர்னடெட். எலும்பை அசைத்தால் மேலே போர்த்திய தோலும் கூடவே அசையும். அவள் திரையில் ஒரு குறையும் இல்லை. கடைசிப் படமாக ரெண்டர் பண்ணினால் மட்டும் உள்ளங்கை தோளுக்கு இழுபட்டு, விரல்கள் மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி தொங்கின.

யாரும் தொடாமல் அப்படி ஆகுமா?

நேற்று மத்தியானம் அவள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு மாடியேறியபோது ரமணி அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். திரையில் இருந்த எலும்புப் பெயர்களைக் காட்டிச் சிரித்தான்.

"அக்கா, இதுல எது எந்தக் கை லா?"

கொடுத்த கை எது, வாங்கின கை எது என்று நக்கல் பண்ணுகிறான் என்றே அவளுக்குப் பட்டது. பொட்டலத்தைப் பிரித்தாள். தன் வேலை போனால் அவன் கடனும் கூடவே போய்விடும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கண்ணாடிக்குப் பின்னால் ரமணி தலை குனிந்திருந்தான்.

எதை மாற்றினான் என்று பாஸுக்குக் காட்ட வேண்டுமே. எலும்புப் பெயர்களைத் திறந்தாள். அவள் வைத்த தமிழ்ப் பெயர்கள், ஆங்கில எழுத்தில். ஒன்றுகூட மாறவில்லை.

தோள். கை. மணிக்கட்டு. கை. விரல்.

மறுபடி படித்தாள்.

தோளுக்குக் கீழே இருப்பதும் கை. மணிக்கட்டுக்குக் கீழே இருப்பதும் கை. பிறந்ததிலிருந்து அவள் இரண்டையும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள். ரெண்டர் பண்ணும் மெஷினோ பெயரை வைத்துத்தான் எலும்பைத் தேடும். முதலில் கண்ட கையோடு உள்ளங்கைத் தோலையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

எது எந்தக் கை.

கீழே இருந்ததை அழித்தாள். வேறு சொல் சட்டென்று ஓடவில்லை. மாதா கோயில் ஜெபத்தில் வரும் சொல் ஒன்று கடைசியில் வந்தது. கரம் என்று அடித்தாள். ரெண்டரைத் தட்டினாள்.

படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். அதற்குள் ஓடிப்போய்க் கதவைத் தட்டலாம். ஆனால் இதுதான் காரணம் என்று நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது? முழுசாக வரட்டும்.

முடி இறங்கியது. கண் இறங்கியது. தோள்.

கதவு திறந்தது.

ரமணி நேராக அவள் மேசைக்கு வந்தான். கையிலிருந்த கவரைப் பிரித்து, நோட்டுகளை எண்ணி நீட்டினான்.

"அறுநூத்தி நாப்பது. கடைசி சம்பளங்க்கா, இதோட முடிஞ்சிச்சி."

திரையில் ஐந்து விரலும் ஒழுங்காக விரிந்து நின்றன. அவன் அதைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

வாங்க அவள் கை நீளவில்லை.

அவன் நோட்டுகளைக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினான். கீழே மோட்டார்சைக்கிள் ஒரே உதையில் கிளம்பியது.